மதர்போர்டுக்கு அளவு எடுத்த கதை

எங்கள் வீட்டு றேடியோ பாடாமல் விட்டால், அதன் முதுகில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி போடுவேன். உடனே பாடும். அப்பா அடித்தால் பாடாது, அம்மா அடித்தாலும் பாடாது, நான் அடித்தால் மட்டும் பாடும். ஒரு குடும்பம் தன் பிள்ளையை எஞ்சினியர் என்று நம்புவதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. போதாததற்கு நான் கொம்பியூட்டர் வகுப்புக்கும் போயிருந்தேன்.

அந்த வகுப்பைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். திருகோணமலைப் பட்டினத்தில் ஒரு மாடி அறை. கோயிலுக்குள் போவதுபோல் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போக வேண்டும். உள்ளே ஒரேயொரு கொம்பியூட்டர், பூப்போட்ட துணியால் மூடியபடி இருக்கும். மாஸ்டர் அதைத் தொட விடமாட்டார். கடதாசி மட்டையில் கீறிய விசைப்பலகையில்தான் நாங்கள் விரல் பழகினோம். கறண்ட் இருக்கிற நாளில் மாஸ்டர் துணியை விலக்குவார். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்போம். முடிவில் எல்லோருக்கும் சான்றிதழ் கிடைத்தது. அம்மா அதைக் கண்ணாடி போட்டுச் சாமிப் படங்களின் வரிசையில் மாட்டினார். (பிள்ளையாருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கலண்டர்தான் இருந்தது.)

இந்தச் சான்றிதழை முழுமனதோடு நம்பியவள் என் அக்கா தவமலர். மூதூருக்கு லோஞ்ச் படகு புறப்படும் இறங்குதுறைக்கு முன்னால், நேவிக்காரர் பைகளைச் சோதிக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, அவள் ஒரு தட்டச்சுக் கடை வைத்திருந்தாள். மூதூர், தோப்பூர்ப் பக்கத்து ஆட்கள் அரசாங்கக் கந்தோர் அலுவலாகப் பட்டினத்துக்கு வந்தால் முதலில் அவளிடம்தான் வருவார்கள். தொலைந்த அடையாள அட்டைக்கு விண்ணப்பம், உடைந்த வீட்டுக்கு நட்டஈடு கேட்டு மனு, பிடித்துக்கொண்டு போன மகனை விடச்சொல்லி முறைப்பாடு எல்லாம் அவளுடைய பழைய தட்டச்சு மெஷினில்தான் உருவாகின. யுத்தம் நடக்கிற ஊரில் மனு எழுதுகிறவருக்கு வேலை குறையாது.

ஆனால் குறைந்தது. அதே வீதியில் இருந்த இன்னொரு கடைக்காரர் ஒரு கொம்பியூட்டரைக் கொண்டுவந்து கண்ணாடிக்குப் பின்னால் வைத்தார். லோஞ்ச் வரும்வரை ஆட்கள் அங்கே நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்த்தவர்கள் அங்கேயே மனுவையும் அடிப்பித்தார்கள்.

அப்பாவோ ஜெர்மனியில் இருந்த ஒரு மாப்பிள்ளையின் படத்தை அலுமாரிக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பனிக்குள் ஒரு காருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை நிற்கும் படம். கார் அவருடையதா என்று அக்கா கேட்டாள். அப்பாவுக்குத் தெரியவில்லை. கடைசியில் அக்கா அப்பாவோடு ஒரு பேச்சுக்கு வந்தாள்.

"பொங்கலுக்கு முன்னம் என்ர கடை நிமிராட்டி, நீங்கள் சொல்லுற ஆளைக் கட்டுறன் அப்பா. நிமிர்ந்தா இந்தப் படத்தைத் திருப்பி அனுப்பிப்போட வேணும்."

"சரி," என்றார் அப்பா. அவருக்கும் கடையின் நிலைமை தெரியும்.

அந்த நேரம் பார்த்து, ஒரு நிவாரண நிறுவனம் கிராமங்களுக்கு அனுப்பும் தமிழ்ப் படிவங்களை அடித்துக்கொடுக்க ஆள் தேடியது. அதற்குப் பொறுப்பாக இருந்த றெஜினா மிஸ் அக்காவின் தமிழை அறிந்தவர். கொம்பியூட்டர் ஒன்று இருந்தால் வேலை உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். ஆக, அக்கா திருகோணமலையில் தன் கடையில் இருப்பதா, முன்பின் தெரியாத ஒருவரோடு பனிக்குள் போய் நிற்பதா என்பது ஒரு கொம்பியூட்டரை நம்பி நின்றது. அந்தக் கொம்பியூட்டர் என்னை நம்பி நின்றது.

கிண்ணியாவில் ஒரு வீட்டில் ஜெனறேற்றர் பிழையாக ஓடி ஒரு கொம்பியூட்டரின் மதர்போர்ட் கருகிப்போயிற்று. கருகியதை எறிந்துவிட்டு மிச்சமிருந்த பெட்டி, திரை, பிரின்ரர் எல்லாவற்றையும் அக்காவுக்கு மலிவாகத் தந்தார்கள். மதர்போர்ட் என்றால் வேறொன்றுமில்லை, பெட்டிக்குள் மற்றச் சாமான்கள் எல்லாம் வந்து குந்துகிற பலகை. அது ஒன்று புதிதாக வேண்டும். அதில் வைக்கப் புரொசசர் என்ற மூளையும் வேண்டும். மூளையைக் கனடாவில் இருந்த சித்தப்பா அனுப்பினார். கோயில் திருவிழாவுக்கு வந்த ஒரு மாமியின் பயணப்பெட்டியில், சொக்லேற்றுகளுக்கு நடுவே, ஒரு கம்பளிக் காலுறைக்குள் அது வந்து சேர்ந்தது.

காலுறையை உதறியதும் கறுப்பாக, நீளமாக, வீடியோ கசட் அளவில் ஒரு சாமான் விழுந்தது. முதுகில் ஒரு சின்ன விசிறியும் அதிலிருந்து வயரும். கொம்பியூட்டரின் மூளை இவ்வளவு பெரிதாக இருக்குமென்று மாஸ்டர் எங்களுக்குச் சொல்லவில்லை. (மாஸ்டர் ஒருநாளும் பெட்டியைத் திறந்ததில்லை என்று பிற்காலத்தில் தெரியவந்தது.) ஆனாலும் நான் அதைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, "ம்" என்றேன். எல்லோரும் நிம்மதியடைந்தார்கள்.

அன்று பின்னேரம் சித்தப்பா ரெலிபோனில் வந்தார்.

"தம்பி, மதர்போர்ட் எடுக்கேக்க கவனம். நல்ல நம்பிக்கையான போர்டாப் பாத்து எடு. அதில மலிவு பாக்காதை."

"ஓம் சித்தப்பா, தெரியும்."

"எல்லாப் போர்டும் எல்லாத்துக்கும் சரிவராது. நான் அனுப்பின சாமானின்ர முதுகில நம்பர் கிடக்கு. அதைக் குறிச்சுக்கொண்டு போய்க் கடையில காட்டு, விளங்கிச்சோ?"

"ஓம் ஓம், தெரியும்."

எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் 'நம்பிக்கையான' என்று சொன்னது மட்டும் மனதில் நின்றது. முதுகில் இருந்த நீளமான எழுத்தையும் இலக்கத்தையும் கனடாக் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு என்று நினைத்தேன். சித்தப்பா தான் செலவழித்ததைக் கடைக்காரருக்கும் காட்டச் சொல்கிறாராக்கும், பெருமை பிடித்த மனிதர் என்று எண்ணிக்கொண்டேன்.

மதர்போர்ட் வாங்கக் கொழும்புக்குத்தான் போக வேண்டும். மூளையையும் கையோடு கொண்டுபோனால் சோலி முடிந்தது. ஆனால் அது கறுப்புப் பெட்டி; வயர் வேறு தொங்குகிறது. வழியெல்லாம் சோதனைச்சாவடிகள். இதைப் பையிலிருந்து எடுத்து ஆமிக்காரரிடம் காட்டி, இது வெடிக்கிற சாமான் இல்லை என்று எந்தப் பாஷையில் விளங்கப்படுத்துவது? நான் தூக்கமில்லாமல் புரண்டேன். தீர்வு அம்மாவிடமிருந்து வந்தது.

"என்னத்துக்கு அதைக் காவுறாய்? அளவை எடுத்துக்கொண்டு போவன். மோதிரம் செய்யக் குடுக்கேக்க விரலையே வெட்டிக் குடுக்கிறம்? நூலிலதானே அளவு குடுக்கிறனாங்கள்."

எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது. இன்றைக்கும் அந்த வாதத்தில் எங்கே பிழை என்று உடனே சொல்ல எனக்கு வராது. அம்மா தையல் பெட்டியிலிருந்து தடித்த வெள்ளை நூல் ஒன்றை எடுத்து மூளையின் மேல் பிடித்தார். நீளத்துக்கு ஒரு முடிச்சு. அதற்கப்பால் அகலத்துக்கு ஒரு முடிச்சு. அதற்கப்பால் தடிப்புக்கு ஒரு முடிச்சு. நூலைச் சுருட்டி என் சட்டைப்பைக்குள் வைத்து, "துலைச்சுப்போடாதை," என்றார். அக்கா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"தம்பி, நீளம் அகலம் மட்டும் போதுமோ? உனக்கு வடிவாத் தெரியும்தானே?"

"ஓம் அக்கா, தெரியும்."

பஸ் கொழும்புக்குப் புறப்பட்டது. வழியில் ஒரு சோதனைச்சாவடியில் வழக்கம்போல எல்லோரும் இறங்கிப் பைகளோடு வரிசையில் நடந்தோம். என் பையில் உடுக்கிற சாரம் ஒன்றும் அம்மா கட்டித்தந்த சோற்றுப் பார்சலும்தான். அச்சப்பட ஒன்றுமில்லை என்று நெஞ்சை நிமிர்த்தினேன். இளம் ஆமிக்காரர் ஒருவர் என் சட்டைப்பையைத் தடவி நூலை வெளியே எடுத்தார். முடிச்சுகளைப் பார்த்தார்.

"மேக்க மொக்கத?" என்று கேட்டார். இது என்ன என்று கேட்கிறார் என்பது விளங்கியது.

"கொம்பியூட்டர்," என்றேன்.

அவர் நூலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் சிங்களம் பஸ்ஸில் ரிக்கற் எடுப்பதற்கு மட்டும் காணும். நூலால் மதர்போர்டுக்கு அளவு எடுக்கும் விதத்தை விளக்க அது காணாது. தமிழிலேயே அதை விளக்குவது கஷ்டம். நான் கைகளால் ஒரு பெட்டியைக் காட்டினேன். பிறகு என் தலையைத் தொட்டு மூளை என்று காட்டினேன். பெட்டிக்குள் தலையை வைப்பேன் என்று சொல்கிறேன் என்றுதான் அவர் விளங்கியிருப்பார். என்னை ஓரமாக நிறுத்தினார். பஸ்ஸில் வந்த சனம் முழுவதும் வெயிலில் நின்று என்னைப் பார்த்தது.

"தம்பி, என்ன கொண்டந்தனீங்கள்?" என்று ஒரு அம்மா கேட்டார்.

"நூல்," என்றேன்.

"நூலுக்கோ மறிச்சு வைச்சிருக்கினம்?" என்று அவர் மற்றவர்களைப் பார்த்தார். நான் எதையோ மறைக்கிறேன் என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது.

கடைசியில் வயதான ஒரு பெரிய ஆமிக்காரர் வந்தார். நூலை வாங்கினார். முடிச்சுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். கொஞ்சம் தமிழ் தெரியும் அவருக்கு. "ஆர் இது கட்டினது?" என்று கேட்டார்.

"அம்மா," என்றேன். அது உண்மைதானே.

அவருடைய முகம் இளகிவிட்டது. தன் மணிக்கட்டைக் காட்டினார். பௌத்தப் பன்சாலையில் பிக்குமார் பிரித் ஓதிக் காவலுக்குக் கட்டிய வெள்ளை நூல் ஒன்று அங்கே இருந்தது. அவருடைய அம்மாவும் கட்டுவித்திருக்க வேண்டும். "சட்டைப்பையில வைக்கக் கூடாது, தம்பி," என்று சொல்லி, என் வலக்கையைப் பிடித்து, அம்மாவின் அளவு நூலை மணிக்கட்டில் சுற்றிச் சுற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டு இறுகக் கட்டிவிட்டார். மிச்சம் தொங்கக்கூடாது என்று அதையும் உள்ளே செருகிவிட்டார். என் தோளில் தட்டி அனுப்பினார். அவர் நல்ல மனிதர். எனக்குத்தான் அழவேண்டும்போல் இருந்தது.

வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டில் தங்கி, அடுத்தநாள் காலை பம்பலப்பிட்டிக்குப் போனேன். மாடிக் கட்டடம் ஒன்றில் முழுக்கக் கொம்பியூட்டர்க் கடைகள். ஒரு கடையில் தமிழ் கதைக்கும் மிஸ் ஒருவர் நின்றார். அதுதான் நான் அந்தக் கடையைத் தெரிவு செய்ததற்குக் காரணம்.

"மதர்போர்ட் ஒண்டு வேணும். நம்பிக்கையானதா."

"எந்தப் புரொசசருக்கு?"

"நல்ல புரொசசர். கனடாவில இருந்து வந்தது."

"மொடல் என்ன?"

"கறுப்பு."

மிஸ் பேனையைக் கீழே வைத்தார். "சரி. ஸ்லொட்டா, சொக்கட்டா?"

இந்தக் கேள்விதான் எல்லாம். புரொசசர் நீளமாகக் கசட் போல இருந்தால் அதற்கு நீளமான பள்ளம் உள்ள ஸ்லொட் போர்ட் வேண்டும். சதுரச் சில்லாக இருந்தால் சதுரமான சொக்கட் உள்ள போர்ட் வேண்டும். இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. நானோ, தேத்தண்ணிக்குச் சீனியா சர்க்கரையா என்று கேட்கிறார் என்பதுபோல் எடுத்துக்கொண்டேன்.

"ரெண்டும் இருக்கிறதாப் பாருங்கோ," என்றேன்.

"ரெண்டும் இருக்காதே. புரொசசரை ஒருக்காக் கொண்டுவர ஏலாதா?"

"அது தேவையில்லை. அளவு கொண்டந்தனான்," என்று சொல்லிச் சட்டைக் கையை மடித்து மணிக்கட்டை நீட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்தார். நாடி பிடித்துப் பார்க்கச் சொல்கிறேன் என்று நினைத்தாரோ தெரியாது, ஒரு அடி பின்னால் போனார். நான் விளங்கப்படுத்தினேன். அவர் உள்ளே போய்க் கத்தரிக்கோலும், கூடவே கடையில் வேலைசெய்த மற்ற எல்லோரையும் கொண்டுவந்தார்.

நூல் இரண்டு துண்டாக விழுந்தது. மூன்று முடிச்சுகளோடு வீட்டைவிட்டுப் புறப்பட்ட நூலில் இப்போது முடிச்சுகள் மலிந்து கிடந்தன. எது அம்மாவின் முடிச்சு, எது ஆமிக்காரரின் முடிச்சு என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. நீளம் எங்கே, அகலம் எங்கே, வெட்டுப்பட்டது எது? மேசையில் நூல் துண்டுகளை நீட்டி வைத்துக்கொண்டு விறைத்துப்போய் நின்றேன். கடை முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. (அது சிரிப்பை அடக்குவதற்கு என்று பிறகுதான் விளங்கியது.)

நல்லவேளையாக, நீளமான துண்டில் ஒரு நுனியிலிருந்து ஒரு முடிச்சுவரை மூளையின் நீளம்போலத் தோன்றியது. மிஸ் இரண்டு மதர்போர்டுகளை எடுத்து வைத்தார். நான் நூலை ஒவ்வொரு பள்ளத்திலும் வைத்துப் பார்த்தேன். ஒரு போர்டில், ஓரமாக, கறுப்பாக ஒரு நீளப் பள்ளம் இருந்தது. நூல் அதில் மயிரிழை தப்பாமல் பொருந்தியது. மூளையும் கறுப்பு, பள்ளமும் கறுப்பு. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்தப் போர்டின் நடுவே, சின்னச் சின்ன ஓட்டைகள் நெருக்கமாகப் போட்ட வெள்ளைச் சதுரம் ஒன்றும் இருந்தது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியவற்றைத்தான் கேட்டேன்.

"இது கடல்காத்துத் தாங்குமே? எங்கட கடை துறைமுகத்தடியில."

"கடல்காத்தைப் பற்றிக் கம்பனி ஒண்டும் எழுதலையே."

"கறண்ட் போய்ப்போய் வரும்."

"எல்லா இடத்திலயும் அப்படித்தான்."

"அப்ப ஷெல் கில் விழுந்து ஏதும் பழுதாப் போனா?"

"யுத்தத்துக்கு வொரண்டி இல்லை, தம்பி."

இரண்டு போர்டையும் இரண்டு கையிலும் வைத்துத் தூக்கிப் பார்த்தேன். என் நூல் பொருந்திய போர்ட்தான் பாரமாகவும் இருந்தது. பாரமான சாமான் நம்பிக்கையான சாமான் என்பது எங்கள் வீட்டுத் தீர்மானம். சட்டி வாங்கினாலும் கதவு வாங்கினாலும் அப்படித்தான். மிஸ் கடைசியாக ஒருமுறை, "வீட்டுக்கு ஒரு ரெலிபோன் கோல் எடுத்துக் கேட்டுப் பாருங்களேன்," என்றார்.

"தேவையில்லை மிஸ், எனக்குத் தெரியும்," என்றேன்.

திரும்பும்போது அதே சோதனைச்சாவடியில் போர்டை வெளியே எடுத்துக் காட்டினேன். பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்த ஆமிக்காரர், "ஆ, கொம்பியூட்டர்," என்று சொல்லி இரண்டு நொடியில் விட்டுவிட்டார். நூலுக்கு மறித்தவர்கள் மதர்போர்டை மறிக்காதது எனக்குக் குழப்பமாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, நல்ல நேரத்தில், கடையில் கொம்பியூட்டரின் பாகங்களைப் பொருத்திப் பூட்டுவது என்று முடிவாயிற்று. அக்கா றெஜினா மிஸ்ஸையும் வரச்சொல்லியிருந்தாள். அப்பா புதுவேட்டியோடு கதிரையில் இருந்தார். அம்மா வடை கொண்டுவந்தார். மூதூர் லோஞ்சுக்குக் காத்திருந்த சனமும் வந்து வாசலில் கூடியது. தோப்பூரில் நெல் வியாபாரம் செய்யும் ஹனீபா நானா முன்வரிசையில் நின்றார். அக்காவிடம் வருடக்கணக்காக மனு அடிப்பிப்பவர்.

நான் போர்டைப் பெட்டிக்குள் வைத்து, காலுறையிலிருந்து மூளையை எடுத்து, கறுப்புப் பள்ளத்தில் நிறுத்தினேன். நீளம் சரி. ஆனால் உள்ளே இறங்கவில்லை. திருப்பி வைத்தேன், இறங்கவில்லை. மெதுவாக அழுத்தினேன், இறங்கவில்லை.

"புதுச் சாமான், இறுக்கமாத்தான் இருக்கும்," என்றார் அம்மா. "அலுமாரி லாச்சியை ஆட்டி ஆட்டித் தள்ளுறமாதிரித் தள்ளு."

ஆட்டி ஆட்டித் தள்ளினேன்.

"கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசினாப் போகும் தம்பி," என்றார் ஹனீபா நானா.

"அரத்தால ஓரத்தை ராவிப் பாருங்கோ," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லா யோசனைகளும் எனக்குச் சரியாகவே பட்டன. நல்ல நேரம் முடிந்துகொண்டு வந்தது. றெஜினா மிஸ் மணிக்கூட்டைப் பார்த்தார். அப்பாவின் மனதில் ஜெர்மனி ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. நான் எழுந்து நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் மூளையின் மேல் வைத்து, என் முழுப்பாரத்தையும் இறக்கினேன்.

'டக்' என்று ஒரு சத்தம்.

எங்கள் ஊரில் 'டக்' என்று சத்தம் கேட்டால் என்ன செய்வது என்று எல்லோருக்கும் தெரியும். வாசலில் நின்ற சனம் முழுவதும் குந்திவிட்டது. ஹனீபா நானா மேசைக்குக் கீழே போய்விட்டார். நான் மட்டும் நின்றபடி, வெடித்துப்போன கறுப்புப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனம் ஒவ்வொருவராக எழும்பியபோது அக்கா கிட்ட வந்து போர்டைப் பார்த்தாள். நடுவே இருந்த வெள்ளைச் சதுரத்தை விரலால் தொட்டாள்.

"தம்பி, அப்ப இது என்னத்துக்கு?"

"அது சும்மா அக்கா. கூடுதலாத் தந்திருக்கினம்."

"இவ்வளவு ஓட்டையை மினைக்கெட்டுப் போட்டு ஆரும் சும்மா தருவினமோ?" என்று கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, மிக மெதுவாக, "உனக்கு இது தெரியாது, என்ன?" என்றாள்.

"ஓம்," என்றேன். அந்த இரண்டு கிழமையில் நான் சொன்ன ஒரேயொரு சரியான ஓம் அதுதான்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தவர்களுக்கு வடையைக் கொடுத்து அனுப்பினாள். திங்கட்கிழமைக்கு மேல் தன்னால் பொறுக்க ஏலாது, மற்றக் கடைக்குத்தான் கொடுக்கவேண்டி வரும் என்று றெஜினா மிஸ் மன்னிப்புக் கேட்பதுபோல் சொல்லிவிட்டுப் போனார். அக்கா தட்டச்சு மெஷினுக்கு முன்னால் போய்க் குந்தினாள். கடதாசி ஒன்றைச் செருகினாள், ஆனால் ஒன்றும் அடிக்கவில்லை. நான் வீட்டுக்கு ஓடிப்போய்க் குசினிக்குப் பின்னால் நின்று அழுதேன். இருபத்திரண்டு வயதில், சான்றிதழ் உள்ள ஒருவன் அழக்கூடாத விதத்தில் அழுதேன்.

அடுத்தநாள் காலை அக்கா கைப்பையோடு வெளிக்கிட்டு நின்றாள். வெடித்த போர்டை ஒரு சேலைத் துண்டில் சுற்றியிருந்தாள். மூளையை அப்படியே, வயரும் விசிறியுமாக, சீப்புக்கும் குடைக்கும் பக்கத்தில் கைப்பைக்குள் போட்டாள்.

"அக்கா, அதைக் கொண்டுபோகாதேங்கோ. பிடிப்பாங்கள்."

"நீ பேசாம இரு."

அப்பா துணைக்கு வருகிறேன் என்றார். "வேண்டாம், நான் ஆரையும் கூட்டிக்கொண்டு போகேல்லை," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

நான் அந்த இரண்டு நாளும் எப்படி இருந்தேன் என்பதை எழுதி உங்களை வருத்த விரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவள் திரும்பி வந்தாள். கையில் மூளைக்கென்றே நீளப் பள்ளம் உள்ள புது மதர்போர்ட். (நான் வெடிக்கவைத்தது வேறு அட்டைகள் செருகுகிற பள்ளமாம்.) சோதனைச்சாவடியில் என்ன நடந்தது என்று கேட்டோம். மூளையை எடுத்து ஆமிக்காரரின் கையிலேயே கொடுத்து, கொம்பியூட்டர்ச் சாமான், கடையில் பூட்ட வேணும் என்று சொன்னாளாம். அவர் விசிறியை ஒருமுறை விரலால் சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். அவ்வளவுதான்.

"கடையில வெடிச்ச போர்டை மாத்தித் தந்தவையோ?" என்று நம்பமுடியாமல் கேட்டேன்.

"முதல்ல ஏலாது எண்டவை. நான் நூல் கொண்டந்த பொடியன்ர அக்கா எண்டு சொன்னன். அந்த மிஸ் கதிரையில இருந்து எழும்பிட்டா. அந்தக் கட்டடத்தில உன்னைத் தெரியாத ஆள் இல்லையாம். முதலாளி மேல்மாடியில இருந்து இறங்கி வந்து முழுக்கதையும் கேட்டார். டக் எண்டு வெடிச்ச இடத்தை ரெண்டாந்தரமும் சொல்லச் சொன்னார். கண்ணைத் துடைச்சுப்போட்டு, வாழ்க்கையில இப்பிடிச் சிரிக்கேல்லை, போர்டைக் குடுங்கோ எண்டிட்டார்."

"எல்லாத்தையும் சொன்னனீங்களோ?"

"வடையையும் சேத்துச் சொன்னன்."

கொழும்புக் கடை மிஸ் செய்துகாட்டியபடி திங்கள் காலை அக்காவே மூளையை நீளப் பள்ளத்தில் வைத்தாள். ஒரு விரலால் தள்ளினாள். போய்ப் பொருந்தியது. சுவிச்சைப் போட்டதும் திரையில் வெளிச்சம் வந்தது. என்னைப் பெட்டியிலிருந்து நான்கு அடி தள்ளி நிற்கச் சொல்லியிருந்தாள். அங்கே நின்று கைதட்டினேன். றெஜினா மிஸ் வந்து பார்த்தார், வேலையைத் தந்தார். அப்பா ஜெர்மனி மாப்பிள்ளையின் படத்தை உறைக்குள் போட்டு, கடைசியாக ஒருமுறை காரைப் பார்த்துவிட்டு, ஒட்டி அனுப்பினார்.

ஆனால் அந்தக் கொம்பியூட்டரில் முதன்முதலாக அச்சாகியது நிவாரணப் படிவம் அல்ல. பிரின்ரர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒன்று அடித்துப் பார்ப்போம் என்றாள் அக்கா. கொட்டை எழுத்தில் வந்த கடதாசியைக் கடை முகப்பில் ஒட்டினாள். அதில் இப்படி இருந்தது: 'கணினி தொடர்பான சகல விபரங்களுக்கும் கடை உரிமையாளரை அணுகவும். தம்பியை அணுக வேண்டாம்.'

அந்த அறிவித்தல் வருடக்கணக்காக அங்கே இருந்தது. எழுத்து மங்கினால் அக்கா புதிதாக ஒன்று அடித்து ஒட்டுவாள். லோஞ்சுக்குக் காத்திருப்பவர்களுக்கு வேறு வாசிக்க ஒன்றுமில்லை. மூதூர், தோப்பூர் முழுக்க என்னைத் தெரிந்துகொண்டது இப்படித்தான். சந்தையில் முகம் தெரியாத ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

பிற்காலத்தில் மூதூர்ப் பக்கம் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். அக்கா என்னைக் காட்டி, "இவர்தான் என்ர தம்பி," என்று சொன்னாள். குனிந்திருந்த பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்து அந்த இறங்குதுறையில் லோஞ்சுக்கு நின்றவளாம். "அந்தத் தம்பியோ?" என்று கேட்டாள். சம்மதம் சொல்லுமுன் அவள் என்னைப் பற்றி விசாரித்தது அவ்வளவுதான்.

இப்போதும் வீட்டில் மின்விசிறி நின்றுபோனாலோ, தண்ணீர்க்குழாய் ஒழுகினாலோ, நான் குறடை எடுத்துக்கொண்டு ஸ்ரூலில் ஏறுவேன். ஏறும் சத்தம் கேட்டதும் குசினிக்குள் இருந்து என் மனைவியின் குரல், கோபமில்லாமல், அறிவித்தல் வாசிப்பதுபோல் வரும்: "அணுக வேண்டாம்."

நான் இறங்கிவிடுவேன்.